தோன்றா எழுவாய்

குருநகர் ஐஸ் தொழிற்சாலையின்
விபத்துப் பதிவேட்டில்
பதினொரு வருடங்களாக
ஒருவரும் எதையும் செய்யவில்லை.

கை நசிந்தது.
கால் வழுக்கியது.
காஸ் மணந்தது.
கண் எரிந்தது, கழுவிவிடப்பட்டது.
பெல்ற்றின் மூடி கழன்றிருந்தது,
தானாகவே கழன்று
தானாகவே போய்ச் சுவரோரம் சாய்ந்ததுபோல.

தலைமையகம் எனக்குத் தந்த வேலை
இவற்றை இயந்திரத்துக்கு விளங்கப்படுத்துவது.
சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே கோடு கீறுவது.
அமோனியா என்பது நச்சு வாயு.
நச்சு வாயு என்பது ஆபத்து.
ஆபத்து ஓரிடத்தில் இருக்கும்,
ஓராளைத் தொடும்,
ஒன்றிலிருந்து வரும்.
எழுவாய், செயப்படுபொருள், பயனிலை:
ஏழாம் வகுப்பில்
நாற்பத்திரண்டு புள்ளி எடுத்த அதே இலக்கணம்.

"ஒண்டும் விளங்காததாலதான்
ஒண்டோலஜியோ?"
கொம்பிரசர் அறையில் எட்மண்ட் கேட்க
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

ஐஸ் தொழிற்சாலையில்
ஈரம் ஆபத்தா, உற்பத்தியா?
ஒரு பின்னேரம் முழுக்க அதிலேயே போயிற்று.

காஸ், காத்து, மணம், 'அந்தச் சாமான்',
மாத்தறைப் பொறியியலாளர்
சிங்களத்தில் எழுதிவிட்டுப் போன ஒற்றைச் சொல்,
எல்லாவற்றையும் ஒரே கணுவில் கட்டினேன்.
எட்மண்ட், செ. எட்மன், ஐஸ் எட்மண்,
'மூண்டாம் ஷிப்ற் ஆள்':
நால்வரும் ஒருவரே என்று எழுதினேன்.
நாலு எரிவும்
ஒரு சோடிக் கண்ணுக்குள் போய்ச் சேர்ந்தன.

அரும்பொட்டில் தப்பியதற்கு
கொழும்பு அனுப்பிய வார்ப்பில் இடமில்லை.
நானே ஒரு வகுப்புத் திறந்தேன்.
பெயர்: அரும்பொட்டு.
இரண்டு நாளில் முப்பத்தேழு.
எல்லாம் தேத்தண்ணி நேரத்துக் கதைகள்,
ஒன்றுகூடப் பதிவேட்டில் இல்லை.

பிறகு அடிப்படை விதி:
சொல்லப்படாதது நடக்காதது ஆகாது.
கருத்தரங்குகளில் இதற்கு
ஒரு மணித்தியாலம் விளக்கம் சொல்வார்களாம்.
இங்கே ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

மாசி பதினாறு, வெள்ளி.
லீவுப் புத்தகத்தையும்
பாமசிப் பற்றுச்சீட்டுக் கட்டையும்
வால்வுகளின் வரைபடத்தையும்
இணைத்துவிட்டுக் கேட்டேன்.
எட்மண்டின் கண் எதனால்?

மூன்றாம் வால்வு.
வால்வு எதனால்?
தேய்ந்த கஸ்கெற்.
கஸ்கெற் ஏன் அப்படியே?
மாற்றுவது ஒத்திவைக்கப்பட்டது.
கணவாய்ச் சீசன், ஐஸ் தட்டுப்பாடு.

(படு, பட்டது, படவில்லை.
தமிழ் இதற்கென்றே
ஒரு துணைவினை வைத்திருக்கிறது.)

ஆரால்?

திரையில் ஒரு கோடு நீண்டு
ஒரு பெயரில் போய் நின்றது.
பாதுகாப்பு அலுவலர், ம. கேதாரணி.
ஒப்பத்தில் என்னுடைய 'கே',
எப்போதும்போல் சுழி பெருத்து.

அழிக்க ஒரு விசை போதும்.
கோடு போனால்
எட்மண்டின் கண்
மறுபடியும் தானாக எரியும்.

முகாமையாளருக்கு எழுதிய கடிதத்தில்
முதல் வரி நாலு தரம் மாறியது.
கடைசியில் இப்படி:
கஸ்கெற் மாற்றுவதை நான் ஒத்திவைத்தேன்.

இப்போது வால்வு பூட்டிக் கிடக்கிறது.
அரைவாசி ஐஸ்தான்.
பாசையூர் வள்ளக்காரர் கேற்றடியில் நின்று ஏசுகிறார்கள்.
அவர்களுடைய வசனங்களில்
எழுவாய் மிகத் தெளிவு.

எட்மண்ட் வந்து மேசையோரம் நின்று
திரையைப் பார்த்தார்.
"இதில ஆர் நான்?"
காட்டினேன்.
"சின்ன வட்டமாக் கிடக்கு" என்றார்,
கண்ணைக் கசக்காமலிருக்க
இரண்டு கையையும்
பொக்கற்றுக்குள் விட்டபடி.